பலித்ததா, பொய்த்ததா?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் சென்ற மாதம் அறிவியல் புனைகதை நாவல்களைப் பற்றிப் பேசினோம். மூத்தவர்கள் வெல்ஸ், அசிமோவ், கிளார்க் என்றார்கள். இளையவர்கள் லியு சிசின், ஆண்டி வியர் என்றார்கள். பழையவர்கள் எழுதியது எதுவும் நடக்கவில்லை. செவ்வாயிலிருந்து யாரும் படையெடுத்து வரவில்லை. 'சோலாரிஸ்' போன்ற நாவல்களில் ஒன்றுமே நடப்பதில்லை. புதியவற்றில்தான் அறிவியல் சுத்தமாக இருக்கிறது. வாக்கெடுப்பு நடத்தினோம், புதிய நாவல்களே வென்றன. உங்கள் கருத்து என்ன? முடிவை இதழில் வெளியிடுவீர்களா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: வெளியிடுவதாக இல்லை. எத்தனை பேர் கை தூக்கினார்கள் என்பதைத் தவிர அந்த முடிவில் வேறு செய்தி இல்லை. ஆனால் கைதூக்கச் சொன்ன காரணங்களில் விஷயம் இருக்கிறது. அவற்றைப் பார்ப்போம்.

சொன்னது நடந்ததா என்பதுதான் உங்கள் அளவுகோல். அப்படியானால் வெல்ஸின் ஆகச் சிறந்த நாவல் 'தி வேர்ல்ட் செட் ஃப்ரீ' என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். 1914இல் வெளிவந்தது. அதில் விமானத்திலிருந்து அணுகுண்டு வீசுகிறார்கள். அணுகுண்டு என்றே அதற்குப் பெயரும் வைத்திருக்கிறார். அணுவின் ஆற்றலைத் திறந்துவிடும் வழி கதைப்படி 1933இல் கண்டுபிடிக்கப்படுகிறது. ஹங்கேரியில் பிறந்த இயற்பியலாளர் லியோ சிலார்ட் இந்த நாவலை 1932இல் படித்தார். அணுகுண்டுக்கு அடிப்படையான அணுக்கருத் தொடர்வினை என்ற எண்ணம் லண்டனில் அவருக்கு உதித்தது 1933இல். ஆண்டுகூடத் தப்பவில்லை! உங்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் அதைப் படித்திருக்கிறாரா? படித்திருக்க மாட்டார்கள் என்று பந்தயம் கட்டுகிறேன். அதில் மனிதர்கள் இல்லை, பிரசங்கம் இருக்கிறது. உலக அரசு அமைப்பது எப்படி என்று பக்கம் பக்கமாக உபதேசம்.

அதே வெல்ஸின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898இல் புத்தகமாக வந்தது. செவ்வாயைப் பற்றி அதில் உள்ளது அநேகமாக எல்லாமே தவறு. இருந்தும் அது இன்றுவரை அச்சில் இருக்கிறது. முதல் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்தவர்களுக்குக் காரணம் தெரியும். செவ்வாய்வாசிகளைக் குறைசொல்லும் முன், டாஸ்மேனியப் பழங்குடிகளை ஐரோப்பியக் குடியேறிகள் ஐம்பதே ஆண்டுகளில் என்ன செய்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்கிறார் வெல்ஸ். (அவர்கள் அடியோடு அழிந்துவிட்டதாக அவர் எழுதியது பிழை, வழித்தோன்றல்கள் இன்றும் இருக்கிறார்கள்.) விக்டோரியா அரசி சிம்மாசனத்தில் இருந்த காலத்தில், உலகின் பெரும் பகுதியை ஆண்டுகொண்டிருந்த ஊரில், லண்டனுக்குப் பக்கத்துக் கிராமங்களில் வேற்றுலகப் படையை இறக்கி, பிடிபட்டவனின் நிலை எப்படி இருக்கும் என்று ஆங்கிலேயனுக்குக் காட்டிய நாவல் அது. ஆளப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு இதை ஆக்டோபஸ் போன்ற வேற்றுலகவாசிகள் வரும் வெறும் கதையாகப் படித்தோம் என்றால், குறை வெல்ஸிடம் இல்லை.

நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, மழை பெய்ததா என்று பஞ்சாங்கத்தைச் சரிபார்ப்பதுபோல் பார்க்காதீர்கள். அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலுக்கு 1976இல் எழுதிய முன்னுரையில் இந்த வழக்கை முடித்துவைத்துவிட்டார்: அறிவியல் புனைகதை வருங்காலத்தை முன்னறிவிப்பதில்லை, இருப்பதை விவரிக்கிறது. அரை நூற்றாண்டு கழித்தும் நாம் அதே வழக்கை வாய்தா வாங்கி நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அடுத்தது அந்தச் 'சுத்தமான அறிவியல்'. வியரின் 'தி மார்ஷியன்' புழுதிப் புயலில் தொடங்குகிறது. அந்தப் புயல்தான் கதாநாயகனைச் செவ்வாயில் தனியாக விட்டுவிட்டு மற்றவர்களைக் கிளம்பவைக்கிறது. செவ்வாயின் காற்று மண்டல அழுத்தம் பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே எவ்வளவு வேகமாக வீசினாலும் விண்கலத்தைச் சாய்க்கும் வலு காற்றுக்குக் கிடையாது. அதாவது, நாவலின் ஆணிவேரே அறிவியல் பிழை. வியருக்கு இது தெரியும். கதைக்கு வேண்டும் என்று தெரிந்தே வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக வெளியிட்டு, வாசகர்கள் சுட்டிய கணக்குப் பிழைகளைத் திருத்திக்கொண்டே எழுதியவர் அவர். உருளைக்கிழங்குக்கு எவ்வளவு தண்ணீர், எத்தனை கலோரி, எத்தனை நாள் என்று ஒரு மனிதன் உயிர்பிழைக்கப் போடும் கணக்கில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. எனக்கும் பிடித்த நாவல். ஆனால் பிடித்ததற்கான காரணத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

சீன எழுத்தாளர் லியு சிசினின் 'த்ரீ-பாடி ப்ராப்ளம்' நாவலுக்கும் இது பொருந்தும். நமக்கு மிக அருகில் இருக்கும் ஆல்ஃபா சென்டாரி உண்மையிலேயே மூன்று விண்மீன்கள் கொண்டதுதான். ஆனால் மூன்றாவது விண்மீன் மற்ற இரண்டையும் விட்டு வெகுதூரத்தில், ஒரு சுற்றுக்கு 5 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு நிதானமாகப் போகிறது. நாவலில் வருவதுபோல மூன்று சூரியன்கள் முட்டிமோதி நாகரிகங்களைப் பொசுக்குவதற்கு அங்கே வழியில்லை. அதே நாவலில் ஒற்றை புரோட்டானை விரித்துக் கணினியாக்குவது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த நாவல் நிற்பது மாவோ காலத்துச் சீனாவின் கலாசாரப் புரட்சியைச் சொல்லும் பகுதியில். 1967இல் இயற்பியல் பேராசிரியர் ஒருவரை மேடையில் நிறுத்தி மாணவிகள் அடித்தே கொல்கிறார்கள். அவருடைய மகள் கூட்டத்தில் நின்று பார்க்கிறாள். பிற்காலத்தில் அவள் மனித குலத்தைப் பற்றி எடுக்கும் முடிவுக்கு விதை அங்கேதான் விழுகிறது. 2008இல் சீனாவில் புத்தகமானபோது இந்தப் பகுதி நடுவில் ஒளித்துவைக்கப்பட்டது. 2014இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அது தொடக்கத்துக்குத் திரும்பியது. 2015இல் அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருது பெற்றபோது, சிறந்த நாவலுக்கான அந்த விருதைப் பெற்ற முதல் மொழிபெயர்ப்பு நாவலும் அதுவே. இன்னொன்று: தான் எழுதுவதெல்லாம் கிளார்க்கைப் பார்த்து எழுதிய அரைகுறை நகல் என்று சொல்லிக்கொள்பவர் லியு. உங்கள் இளையவர்கள் தூக்கிப்பிடிக்கும் எழுத்தாளர், கைதூக்கச் சொன்னால் மூத்தவர்கள் பக்கம்தான் தூக்குவார்.

மூத்தவர்கள் இதற்குள் கைதட்டிவிட வேண்டாம். அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' முதல் தொகுதியை மறுபடி எடுத்துப் பாருங்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பால்வெளி முழுவதற்கும் விரித்துப் போட்ட அந்தத் திட்டம் அபாரம், சந்தேகமில்லை. ஆனால் பல்லாயிரம் ஆண்டு கழித்து, விண்மீன்களுக்கிடையே பயணம் செய்யும் காலத்தில், நகர மேயர் சுருட்டு பிடித்துக்கொண்டு அறைக்குள் அரசியல் பேசுகிறார். சுற்றி இருப்பவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். சொல்லும்படியான பெண் பாத்திரம் வேண்டுமென்றால் அடுத்த தொகுதி வரை காத்திருக்க வேண்டும். அந்த நாவலுக்கு நரை விழுந்திருப்பது இங்கேதான்; கணினியைக் கணிக்கத் தவறிய இடத்தில் அல்ல. பேரரசு விழுமா என்று கேட்கத் தோன்றிய இளைஞர் அசிமோவுக்கு, சமையலறையில் இருப்பது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. இன்று பாராட்டப்படும் நாவல்களிலும் இப்படிக் கேட்கப்படாத கேள்விகள் இருக்கும். உங்கள் வட்டத்து இளையவர்கள் அவற்றைத் தேடினால் விவாதம் சுவையாக இருக்கும்.

'சோலாரிஸ்' நாவலில் ஒன்றுமே நடப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். தற்கொலை செய்துகொண்ட காதலி, பல ஆண்டுகள் கழித்து, வேற்றுக்கிரக நிலையத்தில் ஒருவனின் அறையில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். பயத்தில் அவன் அவளை ராக்கெட்டில் ஏற்றி அனுப்பிவிடுகிறான். மறுபடியும் வருகிறாள், முன்பு அனுப்பியது அவளுக்கு நினைவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தான் அவள் அல்ல என்பது அவளுக்கே தெரிந்துவிடுகிறது. இதற்குமேல் ஈரோட்டில் என்ன நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இதையெல்லாம் செய்வது அந்தக் கிரகத்தை மூடியிருக்கும் உயிருள்ள கடல்; அது ஏன் செய்கிறது என்பதற்கு மட்டும் கடைசிவரை விடை கிடையாது. ஒரு நூலகம் நிறைய ஆராய்ச்சி நடந்தும் மனிதனுக்கு அந்தக் கடல் பிடிபடவில்லை என்பதுதான் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய கதை. உங்களுக்குச் சலித்ததற்கு மொழிபெயர்ப்பும் காரணமாக இருக்கலாம். பரவலாகக் கிடைக்கும் ஆங்கிலப் பதிப்பு பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து பெயர்க்கப்பட்டது. லெமுக்கே அதில் திருப்தி இல்லை. போலிஷிலிருந்து நேராகப் பெயர்த்த பதிப்பு 2011இல் மின்நூலாகவும் ஒலிநூலாகவும் வந்தது. அதைத் தேடிப் பாருங்கள்.

பட்டியலில் கிளார்க்கின் பெயர் இருக்கிறது, ஆனால் எந்த நாவல் என்று யாரும் சொல்லவில்லை போலும். நம் பக்கத்து வீட்டில் நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 1956இல் இலங்கையில் குடியேறி, 2008இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தவர் அவர். 1979இல் வந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில், பூமியிலிருந்து விண்வெளிக்கு மின்தூக்கி கட்ட ஒரு பொறியாளர் புறப்படுகிறார். அதற்கு நிலநடுக்கோட்டில் ஒரு மலை வேண்டும். கிளார்க் தயங்கவில்லை, இலங்கையைத் தூக்கி 800 கிலோமீட்டர் தெற்கே வைத்துவிட்டார். சிவனொளிபாத மலையும் சிகிரியாவும் வேறு பெயர்களில் கூடவே போகின்றன. மலையுச்சியில் பௌத்த மடம். துறவிகள் இறங்க மறுக்கிறார்கள். திட்டத்தைக் கெடுக்க முன்னாள் துறவி ஒருவர் வானிலையைத் திருகிப் புயலை எழுப்புகிறார். அந்தக் காற்று அடித்துவந்த வண்ணத்துப்பூச்சிகள் மலையுச்சியை எட்டிவிடுகின்றன. அப்படி ஒரு நாள் வந்தால் மடம் மலையைவிட்டு இறங்க வேண்டும் என்பது பழைய வாக்கு. இறங்குகிறார்கள். மின்தூக்கி இன்றுவரை கட்டப்படவில்லை. அதனால் நாவலுக்கு என்ன நஷ்டம் என்று உங்கள் வட்டத்தில் கேட்டுச் சொல்லுங்கள்.

வாக்கெடுப்புக்குப் பதிலாக ஒன்று செய்யலாம். மூத்தவர்கள் புதிய நாவல் ஒன்றையும், இளையவர்கள் பழைய நாவல் ஒன்றையும் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு, எந்த இடத்தில் எரிச்சல் வந்தது என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பட்டும். வெளியிடுகிறோம். கதைச்சுருக்கமும் திரைப்படமும் பார்த்துவிட்டு எழுதியவற்றை முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவோம்; அஞ்சல் செலவை வீணாக்க வேண்டாம்.