கொம்புச் சாணமும் குடும்பப் பெயரும்

ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமிருந்து ஒயின் பற்றி இத்தனை கடிதங்கள் இதுவரை வந்ததில்லை. பாதிக்கு மேல் 'பயோடைனமிக்' என்ற சொல்லைச் சுற்றியே இருக்கின்றன. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். எங்கள் மேலாளர் ஓய்வு பெறுகிறார், ஒயின் விரும்பிக் குடிப்பவர். பெங்களூரில் ஒரு கடையில் 6,800 ரூபாய்க்கு பிரெஞ்சு ஒயின் காட்டி, "பயோடைனமிக், குடும்பத் தோட்டம்" என்கிறார்கள். பக்கத்திலேயே 2,500 ரூபாய் பாட்டிலும் இருக்கிறது. கூடுதல் பணத்துக்கு என்ன கிடைக்கும்? (ஓசூர் வாசகர்)

பதில்: பயோடைனமிக் என்பது விவசாய முறையின் பெயர். ருசிக்கு அது உத்தரவாதம் ஆகாது.

1924ஆம் ஆண்டு கோபர்விட்ஸ் என்ற ஊரில் (இன்று போலந்தில் இருக்கிறது) ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி விவசாயிகளுக்கு நிகழ்த்திய எட்டு உரைகளில் தொடங்கியது இது. ரசாயன உரம் கூடாது, ரசாயனப் பூச்சிமருந்து கூடாது, தோட்டமும் மாடும் மண்ணும் ஒரே உடம்பு என்பது அடிப்படை. பசுவின் கொம்பில் பசுஞ்சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து வைக்கிறார்கள். தோண்டி எடுக்கும்போது சாண வாடை போய், மழை பெய்த காட்டு மண் போல மணக்கும், கறுத்துப் பொலபொலவென்று உதிரும். அதில் ஏக்கருக்கு 25, 30 கிராம் எடுத்து, கிட்டத்தட்ட ஒரு குடம் தண்ணீரில் போட்டு, சுழி விழும்வரை ஒரு பக்கம் கலக்கி, பிறகு மறுபக்கம் திருப்பிக் கலக்கி, இப்படியே ஒரு மணி நேரம். அதன்பின் மண்ணில் தெளிப்பார்கள். இலைக்கு வெங்கச்சங்கல் பொடியில் தயாரித்த இன்னொரு கரைசல். நிலாவின் போக்கைப் பார்த்து வேர் நாள், இலை நாள், பூ நாள், பழ நாள் என்று வேலையைப் பிரித்துக்கொள்வார்கள். காலண்டரில் மேல்நோக்கு நாள், கீழ்நோக்கு நாள் பார்த்து விதைத்த நம் தாத்தாக்களுக்கு இது அந்நியமாகப் படாது.

பலன் உண்டா என்றால், சுவிட்சர்லாந்தில் 1978இல் தொடங்கிய நீண்ட சோதனை ஒன்று இருக்கிறது. பயோடைனமிக், இயற்கை முறை, ரசாயன முறை மூன்றையும் பக்கத்துப் பக்கத்து வயல்களில் வைத்துப் பார்த்தார்கள். 21 ஆண்டு முடிவுகள் 2002இல் வந்தன. ரசாயனம் போடாத வயல்களில் விளைச்சல் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது, மண்ணில் உயிரோட்டம் கூடியிருந்தது. விளைச்சல் குறைவு, ஆள்கூலி அதிகம், அதனால்தான் விலை ஏறுகிறது. மண்ணைக் கெடுக்காமல் வைத்திருப்பவருக்கு அந்தக் கூலியை நான் மனமாரக் கொடுப்பேன். கொம்பும் நிலாவும் ருசியைக் கூட்டும் என்று சொல்லிக் கேட்டால் கொடுக்க மாட்டேன்.

பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 1928 முதல் புழக்கத்தில் இருக்கும் டெமிட்டர் என்ற பயோடைனமிக் சான்று முத்திரையோ, அதே போன்ற பயோடிவின் முத்திரையோ அச்சாகியிருந்தால் யோசிக்கலாம். கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டும்தான் என்றால் 2,500 ரூபாய் பாட்டிலே போதும்.

கேள்வி: மகளுக்குப் பிரசவமாகி இருபது நாள். உடம்பு தேற, ரத்தம் ஊற சிவப்பு ஒயின் கொடுக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். ரசாயனம் இல்லாத பயோடைனமிக் ஒயின் என்றால் கொடுக்கலாமா? (கிருஷ்ணகிரி வாசகி)

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. எந்த ஒயினாக இருந்தாலும் அதில் உள்ள ஆல்கஹால் தாய்ப்பாலில் கலக்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வீட்டு முருங்கைக்கீரையும் ரத்தத்துக்குப் போதும்.

கேள்வி: பயோடைனமிக் ஒயின் குடித்தால் தலைவலி வராது, உடம்புக்கு நல்லது என்று கடையில் சொன்னார்கள். உண்மையா? (பாலக்கோடு வாசகர்)

பதில்: இல்லை. ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் பயோடைனமிக் உள்ளிட்ட இயற்கை வகைகளில் குறைவு என்பது உண்மைதான். ஐரோப்பாவில் சாதாரண சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதி, இயற்கை ஒயினுக்கு 100. ஆனால் ஆல்கஹால் இரண்டிலும் அதே 12, 13, 14 சதவீதம்தான். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. பிடித்தால் குடிக்கிறீர்கள், அவ்வளவுதான். அதை மருந்தென்று விற்பவரை நம்பாதீர்கள்.

கேள்வி: ஒயின் பாட்டிலில் 'குடும்பப் பாரம்பரியம், 1600களிலிருந்து' என்று போட்டிருந்தால் அதை எப்படிச் சரிபார்ப்பது? (தர்மபுரி வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காக ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

2018இல் பெங்களூரில் சம்பந்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு 2,400 ரூபாய் கொடுத்து ஒரு பாட்டில் வாங்கிப் போனேன். லேபிளில் கோட்டை படம், தாடி வைத்த பெரியவர் படம், கீழே பழைய வருஷம் ஒன்று. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன். ஊற்றியதும் சம்பந்தி ஒரு வாய் வைத்துவிட்டு, மரியாதைக்காக ஒன்றும் சொல்லாமல் டம்ளரை ஓரமாக வைத்தார். வீட்டுக்கு வந்து பின் லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். தோட்டத்தின் பெயரே இல்லை. எங்கோ மொத்தமாக வாங்கிய ஒயினை ஒரு வியாபார நிறுவனத்துக்காக பாட்டிலில் அடைத்தது என்று பொடி எழுத்தில் இருந்தது. கோட்டை ஓவியர் வரைந்தது. அந்த மாலை இன்றும் உறுத்துகிறது.

உண்மையான குடும்பத் தோட்டங்கள் இருக்கின்றன. இத்தாலியின் அந்தினோரி குடும்பம் 1385இலிருந்து ஒயின் தொழிலில் இருக்கிறது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் ஸிண்ட்-ஹும்ப்ரெக்ட் என்ற தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹும்ப்ரெக்ட் குடும்பம் திராட்சை பயிரிடுவது 1620இலிருந்து. இரண்டு குடும்பங்கள் சம்பந்தமாகி இன்றைய பெயரில் தோட்டம் உருவானது 1959இல். பயோடைனமிக் முறைக்கு மாறியது 1997இல். மூன்றும் உண்மை, ஆனால் மூன்றும் வேறு வேறு உண்மை. 1620 என்ற எண்ணைக் காட்டி "400 வருஷ பயோடைனமிக்" என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அது பொய். லுவார் பகுதியில் நிக்கோலா ஜோலியின் குலே த செராந்த் தோட்டமும் அப்படித்தான். கொடிகளை முதலில் நட்டவர்கள் 12ஆம் நூற்றாண்டுத் துறவிகள், ஜோலி குடும்பம் வாங்கியது 1962இல். நிலத்தின் வயசு வேறு, குடும்பத்தின் வயசு வேறு.

ஆகவே கேட்க வேண்டியது இது: எந்த வருஷம் எதைக் குறிக்கிறது? திராட்சையை விளைத்தவரே பாட்டிலில் அடைத்தாரா? பிரெஞ்சு பாட்டிலில் 'மி ஸான் புத்தேய் ஓ தொமேன்' (Mis en bouteille au domaine) என்று இருந்தால் தோட்டத்திலேயே அடைத்தது என்று பொருள். 'ரிசர்வ்' என்ற சொல்லுக்கு பிரான்சில் சட்ட அர்த்தம் கிடையாது. ஸ்பெயினில் 'ரிசர்வா' என்று சிவப்பு ஒயினில் போட வேண்டுமானால் மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும், அதில் ஒரு வருஷமாவது ஓக் மரப்பீப்பாயில். ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களில் ஒன்றுக்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, மற்றதன் பின்னால் அச்சகம்தான் இருக்கிறது.

ஒயினோடு இது நிற்கவில்லை. கிருஷ்ணகிரி பைபாஸில் 'பாரம்பரிய' செக்கு எண்ணெய், 'பாட்டி கைப்பக்குவ' மாங்காய் ஊறுகாய் என்று எத்தனை போர்டுகள். யாருடைய பாட்டி, எந்த ஊர்ச் செக்கு என்று கேளுங்கள். பரம்பரையாகச் செய்கிறவர் ஊர், பேர், வருஷம் எல்லாம் சந்தோஷமாகச் சொல்வார். மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் 'வீட்டுக்கே வரும் பயோடைனமிக் ஒயின், பாதி விலை' என்று பார்த்து 9,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். பிறகு 'டெலிவரி வரி' என்று 3,000 கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். இப்போது போன் எடுப்பதில்லை. (பர்கூர் வாசகர்)

பதில்: தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது, வீட்டுக்கு மது வருவதில்லை. பர்கூரில் இருக்கும் உங்களுக்கு இது தெரியும். தெரிந்தும் முதல் முறை அனுப்பினீர்கள், சந்தேகம் வந்த பிறகும் இரண்டாம் முறை அனுப்பினீர்கள். இந்த மாதிரிக் கடிதம் மாதத்துக்கு நாலு வருகிறது, எனக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்கு இன்றே கூப்பிடுங்கள், வங்கிக்கும் எழுதுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிக்கொண்டிருக்கும்.

கேள்வி: பெங்களூரில் வாங்கிய ஆறு பாட்டிலை ஜூஜூவாடி எல்லை வழியாகக் காரில் கொண்டுவரலாமா? (ஓசூர் வாசகர்)

பதில்: கூடாது. அனுமதி இல்லாமல் வெளிமாநில மது கொண்டுவந்தால் மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும்.

கேள்வி: இரண்டு ஏக்கரில் பெங்களூர் ப்ளூ திராட்சை வைத்திருக்கிறேன். ஒருவர் வந்து, 'பயோடைனமிக் சான்று வாங்கினால் ஒயின் கம்பெனிகள் இரட்டிப்பு விலைக்கு எடுப்பார்கள்' என்று 42,000 ரூபாய் வாங்கினார். ஒரு பெட்டியில் கொம்பு உரம், கொஞ்சம் வெறும் கொம்பு, ஒரு நாள் பயிற்சி, லேமினேட் செய்த சான்றிதழ் கொடுத்தார். ஒயின் ஆலைக்குக் கொண்டுபோனால் சான்றிதழைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கொம்புகளும் காளை மாட்டுடையவை என்கிறார் அண்ணன். மனைவியின் சங்கிலியை அடகு வைத்த பணம் ஐயா. (தளிப் பக்கத்து விவசாயி)

பதில்: நீங்கள் கவனக்குறைவாக இருந்ததாக நான் நினைக்கவில்லை. நல்ல விலைக்கு ஆசைப்பட எந்த விவசாயிக்கும் உரிமை உண்டு. உங்கள் உழைப்பைக் குறிவைத்து ஏமாற்றியிருக்கிறார்கள்.

அண்ணன் சொல்வது சரியாக இருக்கலாம். இந்த முறைக்குக் கன்று போட்ட பசுவின் கொம்புதான் வேண்டும். அதன் அடியில் ஈற்று வளையங்கள் விரலால் தடவினாலே தெரியும். காளைக் கொம்பில் அது இருக்காது. பெட்டியை அப்படியே வைத்திருங்கள், கொம்புகளைப் போட்டோ எடுங்கள். அதுவே சாட்சி.

சான்றிதழ் செல்லாது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். திராட்சை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு நம் தேசிய இயற்கை விவசாயத் திட்ட விதிப்படி மூன்று வருஷ மாறுதல் காலம் உண்டு. ஒரே நாளில் யாரும் தர முடியாது. முறையான சான்றுக்கு, கோவையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறையைக் கேளுங்கள். அடுத்து, யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டது: உயர்ரக ஒயினுக்கு ஆலைகள் தேடுவது கபர்னே சாவிஞோன், ஷிராஸ், ஷெனின் பிளாங்க் போன்ற ரகங்களை. பெங்களூர் ப்ளூ பெரும்பாலும் சாப்பிடவும் சாறுக்கும் போகிற பழம். உண்மையான சான்று இருந்தாலும் அந்த இரட்டிப்பு விலை கிடைத்திருக்காது.

பணத்தை விடாதீர்கள். விவசாயியும் நுகர்வோர்தான் என்பதை 2012இல் விதை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. பணம் கொடுத்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். முதலில் பதிவுத் தபாலில் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். ஏமாற்றியதற்குக் காவல் நிலையத்திலும் தனியாகப் புகார் கொடுங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பணம் போன வங்கிப் பக்கம் மூன்றையும் நகலெடுத்து எனக்கும் அனுப்புங்கள். மனுவை நானே படித்துத் திருத்தித் தருகிறேன்.

கேள்வி: உறவினர் பரிசாகக் கொடுத்த ஒயினைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை. கெட்டுவிட்டதா, இயற்கை ஒயின் என்றால் அப்படித்தான் இருக்குமா? (காவேரிப்பட்டணம் வாசகர்)

பதில்: கெட்டதுதான். தக்கையில் உண்டாகும் ஒரு பூஞ்சைப் பொருள் அந்த வாடையைக் கொடுக்கும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் குடிக்க முடியாது. வாங்கிய கடை தெரிந்தால், பில்லோடு மீதி ஒயினையும் தக்கையையும் திருப்பிக் கொடுத்து மாற்றிக் கேளுங்கள். புளிக்காடி வாடை அடித்திருந்தால் சூட்டில் வைத்த பாட்டில் என்று சந்தேகப்படலாம். காவேரிப்பட்டணத்துச் சித்திரை வெயிலில் அலமாரி மேல் நிற்க வைத்த ஒயின் ஒரு மாதம் தாங்காது. தக்கை போட்ட பாட்டிலைப் படுக்க வைத்து, அரிசி மூட்டை வைக்கும் இருட்டு அறையில் தரையோடு வையுங்கள்.