உங்கள் நிரலில்தான் கோளாறு, 2147483647 பகா எண்ணேதான்

காட்பாடி தம்பிக்கு, ஜாவா நிரல் ரொம்ப நேரம் ஓடிவிட்டு 2147483647 பகா எண் இல்லை என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வேலூர் வெயிலில் லேப்டாப் சூடானதுதான் மிச்சம், பாவம்.

i*i <= n என்ற வரியைப் பாருங்கள். n உங்கள் 2147483647; அதை i-ஆல் வகுத்துப் பார்க்கும் லூப், i*i அந்த n-ஐத் தாண்டினால்தான் நிற்கும். 46340-இன் வர்க்கம் 2147395600, சரி. 46341-இன் வர்க்கம் 2147488281. அது இன்ட்டில் (int, ஜாவாவின் சாதாரண முழு எண் வகை) அடங்காமல் எதிர்மறை எண்ணாகிவிடும். இன்ட்டின் உச்ச அளவே உங்கள் n என்பதால் i*i அதைத் தாண்டவே முடியாது. லூப் ஓடி ஓடி கடைசியில் i, n-ஐயே தொடும். மீதி பூஜ்யம் வந்ததும் ‘வகுபடுகிறது’ என்று சொல்லிவிடும். i <= n / i என்று மாற்றுங்கள், போதும்.

அப்புறம், இந்த 2147483647 என்பது 2-இன் 31ஆம் அடுக்கில் ஒன்று குறைந்த எண்; இப்படிப்பட்டவற்றை மெர்சென் எண் என்பார்கள். இதற்கு ஒரு வகுஎண் இருந்தால், அதை 248ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63தான் வரும். இதன் வர்க்கமூலத்துக்குள், அதாவது 46340 வரை, அப்படி 373 எண்கள்தான், 1-ஐ விட்டுவிட்டால். அவற்றிலும் பகா எண்களை மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும். 1772-இல் கணித மேதை ஆய்லர் இந்த வழியில்தான், கணினி இல்லாமலே, இதைப் பகா எண் என்று காட்டினார்.

31 பகா எண் என்பதால் மட்டும் இது பகா எண் ஆகிவிடாது. அடுக்கில் 31-க்குப் பதில் 11-ஐப் போட்டுப் பாருங்கள்: 2047 = 23 × 89.