ஒளியில் ஓடும் கணினி: சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விகள்

மின்சாரத்தோடு ஒளியையும் ஓடவிட்டு வேலை வாங்கும் கணினிச் சில்லை ஒளிச்சில்லு என்பார்கள். அதை வடிவமைப்பதுதான் என் வேலை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள நம்மூர் சுங்கை சிப்புட்டுக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

படிவம் ஆறு மாணவி: ஒளிக் கணினி பல மடங்கு வேகமாக ஓடும்தானே, அண்ணா?

வேகம் பெரிய லாபம் இல்லை, தங்கச்சி. செப்புக் கேபிளிலும் சமிக்ஞை ஒளிவேகத்தில் பாதிக்கு மேல் ஓடும். கண்ணாடி இழைக்குள் ஒளியே நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகிறது. சூடும் மின்செலவும் குறைவதில்தான் லாபம் இருக்கிறது. மின்கம்பியில் ஒவ்வொரு பிட்டுக்கும் கம்பி முழுவதையும் மின்னேற்றி இறக்க வேண்டும். கம்பி நீள நீள மின்சாரச் செலவும் ஏறும். ஒளிக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே இழையில் பல நிற ஒளிகளையும் சேர்த்து அனுப்பலாம்.

ஈப்போ தொழிற்சாலை ஆப்பரேட்டர்: நாங்கள் செய்யும் டிரான்ஸ்சீவரும் இதில் சேர்த்தியா, தம்பி?

சேர்த்திதான், அக்கா. மின்சமிக்ஞையை ஒளியாக்கி, மறுபடி மின்னாக்கும் பொருள் அது. டேட்டா சென்டர்களில் இன்றே நடக்கும் ஒளி வேலை.

மின்பொறியியல் மாணவர்: ஒளியிலேயே டிரான்சிஸ்டர் செய்தால் என்ன?

முட்டுக்கட்டையே அங்கேதான். டிரான்சிஸ்டர் என்பது ஒரு சமிக்ஞையால் இன்னொன்றைத் திறந்து அடைக்கும் குட்டிச் சுவிட்சு. இரண்டு டார்ச்சு வெளிச்சங்களைக் குறுக்கே அடித்துப் பாருங்கள். ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகும். ஒன்று மற்றொன்றை அடைக்கவோ திறக்கவோ வேண்டுமானால் இடையில் தனிவகைப் பொருள் தேவை, அதற்கு வலுவான ஒளியும் தேவை. அது போதாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் மில்லர் 2010இல் தெளிவாக எழுதினார்: ஒரு தர்க்கக் கதவின் (ஆம், இல்லை என்று முடிவெடுக்கும் சிறு சுற்றின்) வெளியீடு அடுத்த இரண்டு கதவுகளையாவது இயக்க வேண்டும், மங்கிய சமிக்ஞையைப் பழைய நிலைக்குத் தூக்கிவிடவும் வேண்டும். மின் டிரான்சிஸ்டர் இதைச் சுலபமாகச் செய்கிறது. அளவும் இடிக்கிறது: 1550 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குச் சிலிக்கான் பாதையே சுமார் 500 நானோமீட்டர் அகலம்; மின் டிரான்சிஸ்டர் அதைவிட மிகச் சிறியது.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி: அப்படியானால் இந்த ஆராய்ச்சியால் என்ன பயன், தம்பி?

பெருக்கல், ஐயா. செயற்கை நுண்ணறிவின் பெரும்பகுதி வேலை அணிப் பெருக்கல்தான், அதாவது எண் அட்டவணைகளைப் பெருக்குவது. ஒளியைப் பிரித்து, அலையின் கட்டத்தை (ஏற்ற இறக்க நிலையை) மாற்றி, மீண்டும் சேர்த்தால் அந்தக் கணக்கு ஒளி கடந்து போகும் போக்கிலேயே முடிந்துவிடும். 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு, இப்படி ஒளியைப் பிரித்துச் சேர்க்கும் 56 குறுக்கீட்டுமானிகள் கொண்ட சில்லில் உயிரொலிகளை அடையாளம் காண வைத்தது. 76.7 சதவீதம் சரி. சாதாரணக் கணினி 91.7. சில்லில் ஒரு பகுதியின் சூடு பக்கத்துப் பகுதியைப் பாதிக்கிறது, ஒளியுணரியிலும் இரைச்சல் இருக்கிறது. இந்த இடைவெளியைக் குறைப்பதுதான் எங்கள் அன்றாடப் போராட்டம்.

முழுக்க ஒளியால் ஆன மேசைக் கணினி வரும் என்று நான் நம்பவில்லை. ஒளி சுமக்கும், பெருக்கும். நினைவும் முடிவும் மின்னணுவிடமே இருக்கும்.

படிவம் ஐந்து மாணவன்: நான் என்ன படிக்கணும் அண்ணா?

இயற்பியலில் அலைகள், கணிதத்தில் அணிகள். குறுக்கீட்டுப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதே, தம்பி; இரட்டைப் பிளவுச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் நீயே செய்து பார்.