ஐந்தாவது டயருக்கும் காசு எடுத்து வையுங்கள்: தார், ஜிம்னி கேள்வி பதில்

முன்பு மாருதி ஜிப்சி வைத்திருந்தேன், இப்போது 2021 மஹிந்திரா தார் ஜீப். டயர் மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் பாதி, ஐந்தாவதாக வைத்திருக்கும் மாற்று டயரான ஸ்டெப்னியில்தான் வந்து நின்றன. அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணா, என் தாரில் 245/75 ஆர்16 டயர். 265/75 ஆர்16 போடலாம் என்றிருக்கிறேன். நாலு மட்டும் புதிதாக வாங்கிவிட்டு, பழைய ஸ்டெப்னியை அப்படியே வைத்துக்கொள்ளலாமா? (கோவை)

நானும் இப்படித்தான் மிச்சம் பிடித்தேன். பழைய டயரின் உயரம் சுமார் 774 மி.மீ., புதியது 804. பார்வைக்கு 30 மி.மீ.தான். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது சின்ன டயர் ஏறக்குறைய 15 சுற்று கூடுதலாகச் சுற்றும். அதைப் பின்னால் மாட்டினால், நேர் ரோட்டில் போகும்போதும் பின் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) வளைவில் திரும்புவதுபோல ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஃபோர்-ஹை (நாலு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் நிலைமை இன்னும் மோசம். முன், பின் ஷாஃப்ட் இரண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால், கெட்டியான ரோட்டில் அந்த வித்தியாசத்துக்குப் போக்கிடம் இல்லை. லீவர் இறுகிக்கொண்டு திரும்ப வராது.

வேறு வழியே இல்லையென்றால் சின்ன டயரை முன்னால் போடுங்கள். பின் சக்கரம் மட்டும் இழுக்கும் டூ-ஹையிலேயே, மெதுவாக, பஞ்சர் கடை வரைக்கும் போய்ச் சேருங்கள். பஞ்சரானது பின் டயர் என்றால் முன்னால் இருக்கும் நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் போட்டு, ஸ்டெப்னியை முன்னால் மாட்ட வேண்டும். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே, இரவு ஒன்பது மணிக்கு, தூறலில் இந்த இரட்டை வேலையைச் செய்திருக்கிறேன். அடுத்த வாரமே ஐந்தாவது டயர் வாங்கினேன்.

இன்னொன்று. வெளியில் வாங்கிய ஆலாய் ரிம் போடுகிறீர்கள், ஸ்டெப்னி மட்டும் பழைய ஸ்டீல் ரிம் என்றால், இரண்டுக்கும் ஒரே நட் பொருந்தும் என்று எண்ண வேண்டாம். நட் உட்காரும் இடத்தின் வடிவம் மாறினால், இறுக்கிய மாதிரி இருந்துவிட்டு ஓட ஓட லூஸாகும். கம்பெனி நட்டுகளை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வையுங்கள்.

அந்த இரவு ஜாக்கி போதுமானதாக இருந்ததா சார்? (சேலம்)

இல்லை! காற்றுப் போன டயரைக் கழற்றுகிற அளவுக்கு ஏறியது. காற்று நிறைந்த பெரிய டயரை உள்ளே தள்ள இரண்டு விரல் உயரம் குறைந்தது. வீல் ஸ்பேனரின் முனையால் டயருக்குக் கீழே மண்ணைத் தோண்டித்தான் மாட்டினேன். இப்போது ஒரு அடி நீளப் பலகைத் துண்டும் ஒரு பாட்டில் ஜாக்கியும் வண்டியிலேயே கிடக்கின்றன. பெரிய டயர் போட்ட அன்றே வீட்டு வாசலில் ஒருமுறை கழற்றி மாட்டிப் பாருங்கள்.

மாருதி ஜிம்னிக்கு 215/75 ஆர்15 போட்டால் பின் கதவில் ஸ்டெப்னி உட்காருமா? (மதுரை)

உட்காரும். கம்பெனி அளவான 195/80 ஆர்15-ஐவிட உயரம் பத்து மி.மீ.தான் கூடுதல். தொல்லை எடையிலும் ரிம்மிலும் வரும். ஆஃப்செட் (ரிம் எவ்வளவு உள்ளே, வெளியே உட்காரும் என்ற அளவு) மாறிய ரிம் என்றால், ரிம் தாங்கியில் பதிவதற்கு முன்பே டயர் கதவுத் தகட்டைத் தொட்டுவிடும். அப்படியே நட்டை முடுக்கினால் தகடு ஒடுங்கும்.

எடைக்கு ஒரு சோதனை இருக்கிறது. கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்க ஓரத்தைக் கையால் மேலே தூக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் கீல் தளர்ந்திருக்கிறது. கீல் ஓரத்தில் பெயின்ட் மயிரிழையாக வெடித்திருந்தால், இனி அந்த எடை கதவுக்கு ஆகாது. சேற்றுக்கான மட் டெரைன் டயரும் கனமான ரிம்மும் சேர்ந்தால் கதவை நம்பாதீர்கள். பம்பரிலிருந்து தனியாகத் திறக்கும் கேரியர்தான் சரி. எதைச் செய்தாலும் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் மறையக் கூடாது.

போலீஸ், ஆர்டிஓ பிரச்சினை வருமா? (திருச்சி)

வரலாம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, ஆர்சியில் உள்ள விவரம் கம்பெனி விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. உங்கள் மாடலின் வேறு வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவோடு நின்றால் தலைவலி குறைவு. தாரிலேயே 255/65 ஆர்18 வருகிறதே. அதற்கு மேல் போனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் எடுபடாது.

ஜிம்னியை இரண்டு அங்குலம் தூக்கினேன். ஹைவேயில் ஸ்டீயரிங் அலைகிறது. டயரா காரணம்? (நாகர்கோவில்)

தம்பி, டயரைத் திட்டாதே. ஜிம்னிக்கு முன்னாலும் திடமான ஆக்சில். ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால் ஆக்சில் லேசாக முன்பக்கம் உருண்டு காஸ்டர் கோணம் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) குறைந்துவிடும். ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடும் அதை ஒரு பக்கம் இழுத்து வைக்கும். காஸ்டரைச் சரிசெய்யும் புஷ் போடு, நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்ட் ராடு போடு, அப்புறம் அலைன்மென்ட். வண்டியின் கீழ் இடைவெளி வேண்டும் என்பதற்காகத் தூக்கினாய் என்றால், ஆக்சிலுக்குக் கீழே ஒரு மி.மீ. கூட ஏறியிருக்காது. அதை ஏற்றுவது டயர் மட்டுமே, அதுவும் கூடிய உயரத்தில் பாதி.

ஸ்பீடோமீட்டர் எவ்வளவு ஏமாற்றும்?

நான் மேலே சொன்ன தார் அளவில், முன்பு சரியாகக் காட்டிய மீட்டர் 100 காட்டும்போது நிஜத்தில் 104. கேமரா உள்ள ரோட்டில் நினைவிருக்கட்டும்.

வீல் ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் தட்டு) போடலாமா?

நான் போட மாட்டேன். பேரிங் பாவம்.

ஸ்டெப்னியே இல்லாமல் பஞ்சர் கிட் மட்டும் வைத்தால்? 2020-இல் சட்டமே அனுமதித்ததாமே? (சென்னை)

3.5 டன் வரையுள்ள பயணி வண்டியில் ட்யூப்லெஸ் டயரும், காற்றழுத்தம் காட்டும் கருவியும், ரிப்பேர் கிட்டும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று விதி வந்தது உண்மை. ஆணி குத்தினால் கிட் போதும். கொழுக்குமலை மாதிரிக் கல் ரோட்டில் டயர் வெடிப்பது பக்கச் சுவரில். அங்கே எந்தப் பசையும் நிற்காது.

பத்து வருஷ ஸ்டெப்னி, ஓடவே இல்லை, மேல்பட்டை தேயாமல் புதுசு மாதிரி இருக்கிறது. போடலாமா? (தேனி)

பக்கச் சுவரில் நாலு இலக்கம் பாருங்கள். 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். ஓடாத டயரும் வெயிலில் காயும், வெடிக்கும். மாற்றிவிடுங்கள் ஐயா. புதிதாக ஐந்து வாங்கியபின் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேருங்கள், ஐந்தும் ஒன்றாகத் தேயும்.