வீணையில் இரண்டாம் காலம் ஏன் சறுக்குகிறது?

கேள்வி: எனக்கு 43 வயது. ஐந்து மாதமாக வீணை கற்கிறேன். ஆரம்பப் பாடமான சரளி வரிசை முதல் காலத்தில் வருகிறது, இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம், போனாலே கை தடுமாறுகிறது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாசித்தும் பலனில்லை, விரல் நுனி எரிவதுதான் மிச்சம். என்னோடு சேர்ந்த ஒன்பது வயதுப் பெண் அடுத்த பாடமான ஜண்டை வரிசைக்குப் போய்விட்டாள். விட்டுவிடலாமா? - வாசகி, கரூர்

பதில்: விட்டுவிடாதீர்கள் அம்மா. நீங்கள் வயதை முதலில் எழுதியிருக்கிறீர்கள், என் கண்ணில் பட்டதோ அந்த மூன்று மணி நேரம். ஆறு நாள் வீணையைத் தொடாமல் ஏழாம் நாள் மொத்தமாக உட்கார்ந்தால், முதல் அரை மணிக்குப் பிறகு அசந்த கைதான் வாசிக்கிறது, அது செய்கிற தப்பையே திரும்பத் திரும்பச் செய்து பழகிக்கொள்கிறது. தினம் இருபது நிமிடம் போதும். சமையலுக்கு முன்போ பின்போ, ஒரே நேரமாக இருக்கட்டும்.

அப்புறம், தடுமாறுவது எந்த இடத்தில் என்று பார்த்தீர்களா? அநேகமாக எனக்குத் தெரியும். சரளி வரிசை வாசிக்கிற மாயாமாளவகௌளை ராகத்தில், முக்கியத் தந்தியான சாரணியை விரல் வைக்காமல் திறந்து மீட்டினால் ஸ, ரி முதல் மெட்டில் (மெட்டு என்பது தந்திக்கு அடியில் குறுக்கே இருக்கும் கட்டை), க நான்காவதில், ம ஐந்து, ப ஏழு, த எட்டு, நி பதினொன்று, மேல் ஸ பன்னிரண்டு. மற்ற இடங்களில் விரல் பக்கத்து மெட்டுக்கோ அதற்கு அடுத்ததற்கோ நகர்ந்தால் போதும், ரியிலிருந்து கவுக்கும் தவிலிருந்து நிக்கும் மட்டும் நடுவில் இரண்டு மெட்டுகளைத் தாண்ட வேண்டும். அதிலும் மேலே போகப் போக மெட்டுகள் நெருங்கி வருவதால் இரண்டு தாவலுக்கும் தூரம் ஒன்றல்ல, கை இரண்டு அளவுகளைத் தனித்தனியாகப் படிக்க வேண்டியிருக்கிறது. முதல் காலத்தில் கண் பார்த்து உதவும். இரண்டாம் காலத்தில் ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்வரம், கண்ணுக்கு அவகாசமே இல்லை.

அதனால் ஒரு வாரம் முழு வரிசையை ஓரம் வையுங்கள். த-நி, நி-த மட்டும், வாயால் ஸ்வரம் சொல்லிக்கொண்டே, மெதுவாக. பத்து முறை தொடர்ந்து சுத்தமாக விழுந்ததும் முன்னால் பவையும் பின்னால் ஸவையும் சேருங்கள். ரி-கவுக்கும் இதே முறைதான். பிறகு சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோம் செயலியில் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள், தடுக்கினால் உடனே பழைய வேகத்துக்கு இறங்கிவிடுங்கள். திரும்ப ஆரம்பத்திலிருந்து ஓடுவதுதான் பலர் செய்கிற தப்பு, நன்றாக வருகிற பகுதியையே நூறு முறை வாசித்துவிட்டு வராத இடத்தைக் கடந்து போய்விடுகிறார்கள்.

விரல் எரிச்சல் எல்லோருக்கும் வரும், நுனித் தோல் தடித்ததும் குறைந்துவிடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொண்டால் தந்தியில் விரல் வழுக்கிப் போகும். புண் ஆனால் ஆறும்வரை நிறுத்துங்கள். ரொம்ப அழுத்துகிறீர்களா என்று காதே சொல்லும்: வீணையில் தந்தியை அதிகம் அழுத்தினால் சுருதி ஏறிவிடும். மணிக்கட்டோ தோளோ வலித்தால் மட்டும் பொறுத்துக்கொண்டு வாசிக்காதீர்கள், உட்காரும் விதத்தை டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்தச் சிறுமி ஜண்டைக்குப் போனது நல்ல விஷயம். அவள் வீட்டில் தினமும் எவ்வளவு நேரம் வாசிக்கிறாள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

ஒரு மாதம் கழித்து, எட்டிலிருந்து பதினொன்றுக்குக் கை பார்க்காமலே போகிறதா என்று எனக்கு எழுதுங்கள்.