அந்தோணியாரிடம் கேட்டால் இயேசு கோபிப்பாரா?

கேள்வி: நான் நாகர்கோவில் பக்கம், சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை) குடும்பத்தில் பிறந்தவள். கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு நான்கு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. பதிமூன்று செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வந்து மெழுகுதிரி ஏற்றி வேண்டிக்கொள் என்கிறார் மாமியார். செத்தவர்களிடம் ஜெபிப்பது விக்கிரக ஆராதனை, போகாதே என்று அம்மா போனில் அழுகிறார். இரண்டு செவ்வாய் போய்விட்டேன். சுரூபத்தின் (சிலையின்) முன்னால் நின்றால் வாயே வரவில்லை. இயேசு போதாதா? நான் என்ன செய்ய? (பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இயேசு போதும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் அம்மாவின் அழுகைக்குப் பின்னால் இருக்கிற பயம் இதுதான், மகள் இயேசுவை விட்டுப் போய்விடுவாளோ என்கிற பயம். நான் கத்தோலிக்கப் பெண், புனிதர்களிடம் தினமும் மன்றாடுகிறவள், அதை மறைத்துக்கொண்டு உங்களிடம் பேச விரும்பவில்லை. ஆனால் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் ஒரே ஒருவர்தான் என்று 1 தீமோத்தேயு 2:5 சொல்வது எங்கள் பைபிளிலும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் மத்தியஸ்தர் என்று படித்திருப்பீர்கள், நாங்கள் இணைப்பாளர் என்று படிக்கிறோம். அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில், எல்லாருக்காகவும் வேண்டுதல் செய்யுங்கள் என்று பவுல் கேட்கிறார். ஒருவருக்காக இன்னொருவர் வேண்டுவது அந்த ஒரே மத்தியஸ்தரின் இடத்தைப் பிடுங்குகிற காரியம் என்றால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார். என் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது நான் முதலில் போன் செய்தது பக்கத்து வீட்டு அக்காவுக்கு, அவர் உங்கள் சபைதான். "எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கக்கா" என்றேன். இயேசு போதாது என்று நினைத்தா கேட்டேன்? தனியாகக் கேட்க மனசில் பலமில்லை, கூட ஒரு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முறை மன்றாட்டு மாலை (ஒருவர் பெயர்களைச் சொல்ல, எல்லாரும் பதில் சொல்லும் ஜெபம்) சொல்லும்போது வாய் வரவில்லையே என்று தவிக்காமல் காதை மட்டும் கொடுத்துக் கேளுங்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று வரும் இடத்தில் ஜனங்கள் சொல்லும் பதில் "எங்களைத் தயைபண்ணி இரட்சியும்". மாதாவின் பெயரோ புனிதர் பெயரோ வந்ததும் பதில் மாறிவிடும், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்". கோயிலில் ஆயிரம் பேர் நின்றாலும் அந்த இடத்தில் யாருக்கும் வாய் தடுமாறாது. தருகிறவர் யார், கூட நின்று கேட்கிறவர் யார் என்கிற வித்தியாசம் முழுக்க அந்த ஒரு பதில் மாற்றத்தில் இருக்கிறது. 787-இல் நிசேயாவில் கூடிய பொதுச்சங்கம் (திருச்சபை ஆயர்களின் பேரவை), ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, படங்களுக்கும் சுரூபங்களுக்கும் செய்வது வணக்கம், அந்த வணக்கமும் அதில் தெரிகிற ஆளுக்கே போய்ச் சேருகிறது என்று பிரித்துச் சொன்னதை, நம் கிராமத்துப் பாட்டிகள் படிக்காமலேயே பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம், செத்தவர்கள் என்கிற விஷயம். உபாகமம் 18 தடுப்பது குறி கேட்பதை, செத்தவர்களை எழுப்பி மறைவான சேதி விசாரிப்பதை. அதைத் திருச்சபையும் தடுக்கிறது. கல்லறையிலிருந்து யாரையும் நாங்கள் கூப்பிடவில்லை. ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பெயரைச் சொல்லி, கடவுள் செத்தவர்களின் கடவுள் அல்ல, உயிருள்ளவர்களின் கடவுள் என்று இயேசு சொன்னாரே (மாற்கு 12), அந்த நம்பிக்கையில்தான் அவர்களோடு பேசுகிறோம். வெளிப்படுத்தல் 5:8-இல் இருபத்து நான்கு மூப்பர்களும் தூபம் நிறைந்த பொற்கலசங்களைப் பிடித்திருக்கிறார்கள், அந்தத் தூபம் பரிசுத்தவான்களுடைய ஜெபங்கள் என்று எழுதியிருக்கிறது. நம் ஜெபம் பரலோகத்தில் யார் கைக்கும் போவதில்லை என்று என்னால் எப்படி நினைக்க முடியும்?

உங்கள் அம்மா பக்கத்திலும் வலுவான நியாயம் இருக்கிறது, அதை மழுப்பக் கூடாது. இறந்துபோன புனிதரிடம் கேள் என்று நேரடியாகக் கட்டளையிடும் வசனம் உங்கள் பைபிளில் கிடையாது. எரேமியா இறந்த பிறகும் மக்களுக்காக வேண்டுவதாக 2 மக்கபேயர் 15-இல் ஒரு காட்சி வரும், அந்தப் புத்தகம் உங்கள் பைபிளில் இல்லை. 1530-இல், உங்களைப் போலவே புராட்டஸ்டன்ட்டான லுத்தரன் சபையார் ஆக்ஸ்பர்க்கில் கொடுத்த விசுவாச அறிக்கையின் 21-ஆம் பகுதியும் இதைத்தான் சொல்கிறது, புனிதர்களை நினையுங்கள், அவர்கள் விசுவாசத்தைப் பின்பற்றுங்கள், உதவிக்குக் கூப்பிட மட்டும் வேதத்தில் இடமில்லை என்று. அதற்குப் பதில் சொல்லும் விதமாக 1563-இல் திரெந்துப் பொதுச்சங்கம் சொன்ன வார்த்தையைக் கவனியுங்கள், புனிதர்களைக் கூப்பிடுவது "நல்லது, பயனுள்ளது". கட்டாயம் என்று சொல்லவில்லை. உங்களுக்கு இப்போது தேவையான வார்த்தை அதுதான் என்று நினைக்கிறேன். கத்தோலிக்கர் ஒருவர் தன் சொந்த ஜெபத்தில் எந்தப் புனிதரையும் கூப்பிடாமலே வாழ்ந்தால்கூட அது பாவமில்லை, அப்படியிருக்க உங்களை யார் கட்டாயப்படுத்த முடியும்?

ஆனால் நேர்ச்சை என்ற பெயரில் நடக்கிற பேரம் எனக்கும் வலிக்கிறது. "குழந்தை கொடுத்தால் மொட்டை போடுகிறேன், கொடுக்காவிட்டால் இந்தப் பக்கம் வரமாட்டேன்" என்பது மன்றாட்டே இல்லை. இந்த ஜெபத்தைப் பதிமூன்று பேருக்கு நகல் எடுத்துக் கொடு, கொடுக்காவிட்டால் வீட்டில் துக்கம் நடக்கும் என்று ஒரு தாள் என் பள்ளிக்கூட வயதில் கைக்கு வந்தது, இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அந்தத் தாளில் அந்தோணியாரும் இல்லை, இயேசுவும் இல்லை, பயம் மட்டும்தான் இருந்தது. பதிமூன்று செவ்வாயிலும் மந்திரக் கணக்கு எதுவும் கிடையாது. அந்தோணியார் 1231 ஜூன் 13-இல் பதுவா நகரத்தின் அருகே இறந்தார், அடக்கம் செய்த நாள் செவ்வாய்க்கிழமை, அந்த ஞாபகத்தில் வளர்ந்த பக்தி இது. பன்னிரண்டோடு நிறுத்தினால் ஒன்றும் ஆகாது.

இனி என்ன செய்யலாம்? மாமியாரோடு போங்கள், மனசு இடம் கொடுத்தால். மெழுகுதிரி ஏற்றுங்கள், அது வெளிச்சம்தான். வாய் வராவிட்டால் நற்கருணைப் பேழைக்கு (இயேசுவின் உடலாக நாங்கள் நம்பும் அப்பத்தை வைத்திருக்கும் பெட்டி) முன்னால் போய் உட்கார்ந்து, அம்மா வீட்டில் ஜெபித்த அதே மாதிரி இயேசுவிடம் நேராகப் பேசுங்கள். என்றைக்காவது ஒரு புனிதரிடம் பேசத் தோன்றினால் உங்கள் ஊர்ப்பக்கத்து நட்டாலத்துக்காரர் தேவசகாயத்திடம் பேசிப் பாருங்களேன். 1752-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் விசுவாசத்துக்காகச் சுட்டுக் கொல்லப்பட்டவர், 2022 மே 15-இல் புனிதரானவர், குடும்பஸ்தர். சுரூபத்தைப் பார்த்து நிற்கும்போது எட்டாத ஆள், நம் ஊர் மண்ணில் நடந்த மனிதர் என்று நினைக்கும்போது பக்கத்தில் வந்துவிடுவார். தோன்றாவிட்டால் விட்டுவிடுங்கள்.

அம்மாவிடம் வசனச் சண்டை வேண்டாம். "நான் இயேசுவிடம்தான் கேட்கிறேன், நீங்களும் செவ்வாய்க்கிழமை அதே நேரத்தில் எனக்காக ஜெபம் பண்ணுங்கள்" என்று கேளுங்கள். மகள் கேட்டால் எந்த அம்மா மாட்டேன் என்பார்? மாமியாரிடம், "அத்தை, எனக்கு வார்த்தை வரமாட்டேங்குது, எனக்கும் சேர்த்து நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நான்கு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து டாக்டரிடம் போனீர்களா? இரண்டு பேரும் என்று அழுத்திச் சொல்கிறேன், காரணம் ஆண் பக்கம் இருப்பதும் சாதாரணம், விந்துப் பரிசோதனை சுலபமானது, அதை முதலிலேயே செய்துவிட வேண்டும். ஒரு வருடம் முயன்றும் கரு தங்காவிட்டால் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான கணக்கு, நீங்கள் அதைத் தாண்டி மூன்று வருடம் ஆகிறது. பதிமூன்றாவது செவ்வாய் முடிந்தும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், "இவள் மனசார வேண்டவில்லை, அதனால்தான்" என்று வீட்டில் யாராவது ஆரம்பிக்கலாம். அப்போது உங்கள் கணவர் வாய் திறந்து பேச வேண்டும். அதை அவரிடம் இந்த வாரமே சொல்லி வையுங்கள்.