நாற்பது நாள் கணக்கும் கண் பரிசோதனையும்

கேள்வி: எனக்கு 31 வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. பெண் குழந்தை, 1,400 கிராம். மருத்துவமனையில் 24 நாள் வைத்திருந்து முந்தாநாள்தான் அனுப்பினார்கள். இப்போது 1,700 கிராம் இருக்கிறாள். இந்த வாரமே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதியிருக்கிறது. “பிள்ளை நல்லாத்தானே முழிச்சுப் பாக்குது? நாப்பது நாள் முடியாம வாசல் தாண்டக் கூடாது” என்கிறார் என் மாமியார். என்ன செய்வது?
– வாசகி, தேனி மாவட்டம்

பதில்: போய்விட்டு வாருங்கள் அம்மா. இந்த இதழ் கைக்கு வருவதற்குள் நாள் கடந்துவிடும் என்பதால் உங்களுக்கு முன்கூட்டியே பதில் அனுப்பிவிட்டோம். இது உங்களைப் போன்ற மற்றவர்களுக்காக.

கண்ணுக்குள் இருக்கும் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் முழுதாகப் படர்வதற்குப் பத்தாம் மாதம் நெருங்கிவிடும். அதற்கு முன்பே பிறந்த குழந்தைகள் சிலருக்கு அவை தாறுமாறாக வளர்ந்து, விழித்திரையையே பிடித்து இழுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண் பளிச்சென்றுதான் இருக்கும். நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கும், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கும் 30 நாளுக்குள் முதல் பரிசோதனை செய்யச் சொல்வது இதனால்தான். சொட்டு மருந்து விட்டு, கண்மணி விரிந்ததும் டாக்டர் நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு பார்ப்பார். சில நிமிட வேலை. குழந்தை வீறிட்டு அழும், உங்களுக்கும் கண் கலங்கும், அவ்வளவுதான். கோளாறு இருந்தால் லேசரோ ஊசியோ உடனே செய்து பார்வையைக் காப்பாற்றலாம். ஒரு தடவை பார்த்ததோடு விட்டுவிடாதீர்கள். டாக்டர் ‘போதும்’ என்று சொல்கிறவரை போக வேண்டும்.

வெளியே தூக்கக் கூடாது என்பதற்குப் பின்னால் இருக்கும் பயம், குளிரும் கிருமியும். அது நியாயமான பயம். குல்லா, காலுறை போட்டு, டயப்பரோடு மட்டும் குழந்தையை உங்கள் வெறும் மார்பில் நெட்டுக்குத்தாக ஒட்டவைத்து, மேலே துணியால் கட்டிக்கொள்ளுங்கள். முகம் ஒரு பக்கம் திரும்பி, மூக்கு மூடாமல் இருக்கட்டும். 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தொடங்கிய கங்காரு முறை இது. இன்று உலக சுகாதார நிறுவனம் நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யச் சொல்கிறது. வீட்டிலும் தொடருங்கள். நீங்கள் சாப்பிடும் நேரம் மாமியார் கட்டிக்கொள்ளட்டும். பாட்டி மார்பும் சூடுதான்!

அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது. குழந்தைக்கு உறிஞ்சத் தெம்பில்லாதபோது பீய்ச்சிய பாலைப் பாலாடையில் புகட்டுவது பழைய கைகளுக்கு நன்றாக வரும். வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், மூக்கில் எண்ணெய், சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம். எடை கூடும்வரை குளியலுக்குப் பதில் வெதுவெதுப்பான ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பால் குடிக்க மறுத்தாலோ, உள்ளங்கால் சில்லிட்டாலோ, மூச்சு வாங்கி விலா உள்ளே குழிந்தாலோ, உள்ளங்கையும் பாதமும் மஞ்சளானாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

அப்புறம், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடாதீர்கள். உங்கள் மகள் ஒன்பது வாரம் முன்னால் வந்தவள். நாலு மாதத்தில் அவள் இரண்டு மாதக் குழந்தை செய்வதைத்தான் செய்வாள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு.